க்ளிங்கானில் வணக்கம் கிடையாது!

வேற்றுக்கிரகவாசிகள் பேசும் மொழிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

பேருந்து நடத்துநர், விருதுநகர்: க்ளிங்கான் மொழியில் ‘வணக்கம்’ எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது. அந்த மொழியில் வணக்கமே கிடையாது. ஒரு க்ளிங்கான் எதிரில் வந்து நின்றால் ‘நுக்நெஹ்’ என்பான். ‘என்ன வேணும்?’ என்று அர்த்தம். வண்டியில் ஏறியவரிடம் ‘எங்கே போகணும்?’ என்று நீங்கள் கேட்கிறீர்களே, அதே சுருக்கம். பிரியும்போது ‘போயிட்டு வரேன்’ என்பதும் இல்லை. ‘கப்லா’ என்பார்கள். ‘வெற்றி’ என்று பொருள். மரியாதை தெரியாதவர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது கீழே ஒரு பதிலில் வருகிறது.

கல்லூரி மாணவர், கோவை: யார் இந்த க்ளிங்கான்கள்? அந்த மொழி நிஜமாகவே இருக்கிறதா?

ஆட்கள் கற்பனை, மொழி நிஜம். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1967-ல் முதன்முதலாகத் தலைகாட்டிய போர்க்குணம் மிக்க இனம் அது. தொடரில் ஆங்கிலம்தான் பேசினார்கள். 1979-ல் தொடர் திரைப்படமானபோது ஒருசில வரிகளையாவது அவர்கள் சொந்த மொழியில் பேசட்டும் என்று நினைத்தார்கள். அந்த வரிகளுக்கு ஒலி அமைத்துக் கொடுத்தவர் கப்பல் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன். 1984-ல் வந்த மூன்றாவது படத்துக்கு முழு வசனங்கள் தேவைப்பட்டன. மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளரை அழைத்தார்கள். டூஹனின் வரிகளைத் தள்ளிவிடாமல், அவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஓர் இலக்கணத்தையே கட்டினார். 1985-ல் அகராதி வெளிவந்தது. 1992-ல் விரிவான பதிப்பு. படிக்க வாங்கியவர்களில் சிலர் பேசவே ஆரம்பித்துவிட்டார்கள்!

இல்லத்தரசி, திருச்சி: தமிழ் வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக ஒரு புதுச் சொல்லைப் போட்டால் வேற்றுக்கிரக மொழி ஆகிவிடாதா? என் மகன் அப்படித்தான் ஒன்று செய்து வைத்திருக்கிறான்.

மகனுக்கு என் வாழ்த்து. அவனுக்கு முன்னால் இதே வழியில் போன ஒரு பெண்மணியின் கதையைச் சொல்லுங்கள்.

1890-களில் ஜெனீவாவில் எலென் ஸ்மித் என்ற புனைபெயரில் அறியப்பட்ட ஒருவர் இருந்தார். ஆவிகளோடு பேசுகிறவர். மயக்க நிலைக்குப் போய்ச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்வருவதாகச் சொன்னார். அங்கே பேசும் மொழியைப் பேசிக் காட்டினார், தனி எழுத்தில் எழுதியும் காட்டினார். ஜெனீவாவின் உளவியல் பேராசிரியர் தியோடர் ஃப்ளூர்னுவா வருடக்கணக்கில் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். (அதே பெண்மணி சமஸ்கிருதம் போல ஒன்றைப் பேசியபோது, அதைப் பார்த்துச் சொல்ல வந்தவர் யார் தெரியுமா? நவீன மொழியியலின் தந்தை என்று சொல்லப்படும் சசூர்!) ஃப்ளூர்னுவா செவ்வாய் வாக்கியங்களையும் அவற்றின் பிரெஞ்சுப் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொல்லுக்குச் சொல், அதே வரிசை, அதே இலக்கணம். 1900-ல் வந்த அவர் புத்தகத்தின் தீர்ப்பு: இது மாறுவேடம் போட்ட பிரெஞ்சு.

சொற்கள் செவ்வாயிலிருந்து வந்தன, இலக்கணம் ஜெனீவாவை விட்டு நகரவில்லை. ஒலியை மாற்றுவது எளிது. ஒரு மொழி எதைப் பிரித்துப் பார்க்கிறது, எதைச் சேர்த்துப் பார்க்கிறது, எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது என்பதை மாற்றினால்தான் அது வேறு உலகம். பன்மையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள் மகனை.

போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்: க்ளிங்கான் வாக்கியத்தின் வரிசை என்ன?

செயப்படுபொருள், வினை, எழுவாய். ‘டுஜ் லெக் புக்.’ டுஜ் என்றால் கப்பல், லெக் என்றால் பார், புக் என்றால் குழந்தை. கப்பலைக் குழந்தை பார்க்கிறது. தமிழில் இந்த வரிசையை மாற்றிப் போட்டாலும் ‘ஐ’ உருபு காப்பாற்றிவிடும். ‘பார்க்கிறது கப்பலைக் குழந்தை’ என்றாலும் யார் யாரைப் பார்ப்பது என்பதில் குழப்பம் இல்லை. க்ளிங்கானில் அந்த உருபு கிடையாது. ‘புக் லெக் டுஜ்’ என்று மாற்றினால் கப்பல் குழந்தையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

ஓக்ராண்ட் இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மனித மொழிகளில் இது மிக மிக அரிது என்பதுதான். அரிது என்றேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. பிரேசிலின் அமேசான் பகுதியில் பேசப்படும் ஹிஷ்கர்யானா மொழியின் அடிப்படை வரிசை இதுவே என்று டெஸ்மண்ட் டெர்பிஷயர் 1970-களில் எழுதிக் காட்டினார். வேற்றுக்கிரகத்துக்கென்று தேடி எடுத்தது இங்கேயே ஓர் ஆற்றங்கரையில் பேச்சுவழக்கில் இருக்கிறது.

பாட்டு வாத்தியார், மயிலாப்பூர்: க்ளிங்கான் உச்சரிப்பு தமிழ் நாக்குக்கு வருமா?

மற்ற பலரை விட நமக்கு எளிதாகவே வரும். மெய்யொலி 21, உயிரொலி 5. அதில் ஒரு ‘ட’ இருக்கிறது. ‘வீடு’ என்று சொல்லும்போது நாக்கை மடித்து மேலே தொடுகிறோமே, அதே ஒலி. ஆங்கிலம் பேசுபவர்கள் இதற்காகத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். ‘மகன்’ என்பதில் வரும் தளர்ந்த ககரத்துக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ‘ங’. அரிச்சுவடியில் அதைக் கற்றுக்கொண்டபின் ‘சங்கு’, ‘தங்கம்’ என்று பெரும்பாலும் ககரத்தின் துணையோடுதான் அதைச் சந்திக்கிறோம். க்ளிங்கானில் அது தனியாகச் சொல்லின் முதலிலேயே நிற்கும். ‘ஙன்’ என்றால் ஓர் இடத்தில் வாழ்பவர். தங்கள் மொழியை அவர்கள் ‘ட்லிஙன் ஹோல்’ என்கிறார்கள்.

அந்த ‘ட்ல்’தான் கஷ்டம். நாக்கு நுனியை மேலே ஒட்டவைத்து, இரண்டு பக்கத்திலும் காற்றைச் சீறவிட வேண்டும். மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலும் அமெரிக்கப் பழங்குடிகளின் நவஹோ மொழியிலும் அது உண்டு.

ஒலிகள் ஒவ்வொன்றும் பூமியில் இருப்பவைதான். ஆனால் இந்தச் சேர்க்கையில் இருக்காது. நாக்கை மடிக்கும் ‘ட’ இருக்கும் மொழியில் அதற்கு ஜோடியான வல்லொலியும் பொதுவாக இருக்கும். ஓக்ராண்ட் வேண்டுமென்றே ஜோடியைப் பிரித்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்த இனத்தின் பெயர் தொடங்கும் சாதாரண ‘க்’ ஒலி அந்த மொழியிலேயே கிடையாது என்பது இன்னொரு விசேஷம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்: உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிற வழக்கம் வேற்றுக்கிரகத்திலும் உண்டா?

உண்டு, அம்மா. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். க்ளிங்கானில் பன்மைக்கு மூன்று விகுதிகள். மொழி பேசத் தெரிந்த உயிர்களுக்கு ‘பு’: புக் என்றால் குழந்தை, புக்பு என்றால் குழந்தைகள். உடல் உறுப்புகளுக்கு ‘டு’: கோப் என்றால் கை, கோப்டு என்றால் கைகள். மற்ற எல்லாவற்றுக்கும் ‘மேய்’: டுஜ்மேய், கப்பல்கள். (‘பு’வையும் ‘டு’வையும் சொல்லி முடிக்கும்போது தொண்டையைப் பட்டென்று அடைக்க வேண்டும்.)

நம் இலக்கணம் கோடு போடும் இடம் மக்கள், மற்றவை என்பது. க்ளிங்கான் கோடு போடும் இடம் பேசத் தெரிந்தது, தெரியாதது. பல கிரகத்து ஆட்கள் சந்திக்கும் உலகத்துக்கு இது எவ்வளவு பொருத்தமான கோடு பாருங்கள். எதிரில் நிற்பது எட்டுக் கால் உள்ளதாக இருந்தாலும் பேசினால் அது உயர்திணை.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. பேசும் உயிர்களுக்கு ‘மேய்’ போட்டால் பிழை என்று நினைப்பீர்கள். பிழை இல்லை. பொருள் மாறும். ‘புக்மேய்’ என்றால் ‘இங்கும் அங்குமாக, எங்கே பார்த்தாலும் குழந்தைகள்’. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் தெருவைப் பார்த்தால் இந்த விகுதியின் தேவை விளங்கும்.

மென்பொறியாளர், ஓசூர்: ஒரே சொல்லில் முழு வாக்கியம் சொல்ல முடியும் என்கிறார்களே?

தமிழிலேயே முடியும். ‘வந்தேன்’ என்றால் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். க்ளிங்கான் ஒருபடி மேலே போய், யார் யாரை என்ற இரண்டையும் வினையின் முன்னொட்டிலேயே அடைத்துவிடுகிறது. ‘கலெக்’ என்றால் நான் உன்னைப் பார்க்கிறேன். ‘முலெக்’ என்றால் அவன் என்னைப் பார்க்கிறான். ‘சோலெக்’ என்றால் நீ என்னைப் பார்க்கிறாய். இப்படி 29 முன்னொட்டுகள்.

பின்னால் வருவது இன்னும் சுவாரஸ்யம். வினைக்குப் பின்னொட்டுகள் ஒன்பது வகை. அவை வரிசை மாறாமல் வரவேண்டும். அந்த வரிசைக்குக் கட்டுப்படாமல் உலவுகிற சிலவும் உண்டு. அதில் ஒன்று மறுப்பைக் காட்டும் ‘பெ’. எதை மறுக்கிறதோ அதன் முதுகில் போய் உட்காரும். ‘விப்’ என்பது பயத்தைக் காட்டும் ஒட்டு. ‘சோலெக்விப்’: என்னைப் பார்க்கப் பயப்படுகிறாய். ‘சோலெக்விப்பெ’: என்னைப் பார்க்கப் பயப்படவில்லை. ‘சோலெக்பெவிப்’: என்னைப் பார்க்காமலிருக்கப் பயப்படுகிறாய். ஓர் அசை இடம் மாறியது, பயந்தவன் வீரனாகி மறுபடி வேறொன்றுக்குப் பயந்துவிட்டான்.

அந்த ‘விப்’பைத் தன்மையில், அதாவது ‘நான் பயப்படுகிறேன்’ என்று, பயன்படுத்த இலக்கணம் தடை சொல்லவில்லை. பண்பாடு தடை சொல்கிறது. எந்த க்ளிங்கானும் அந்த வடிவத்தை எளிதில் வாயால் சொல்லமாட்டான். ஒரு மக்களின் குணத்தை ஒரு பின்னொட்டின் பயன்பாட்டுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார் ஓக்ராண்ட். புனைமொழிகளில் நான் பார்த்த மிக அழகான இடம் இதுதான் என்பேன்.

வாசகி, மதுரை: மரியாதைச் சொல்?

‘நெஸ்’. வினையின் பின்னால் ஒட்டும். ‘கலெக்நெஸ்’: ‘தங்களைக் காண்பது என் பாக்கியம்.’ நம் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ போல மரியாதை வினையில்தான் இருக்கிறது. வித்தியாசம், நாம் அதைத் தினமும் தாராளமாகக் கொடுக்கிறோம், அவர்கள் எப்போதாவதுதான் எடுக்கிறார்கள்.

கடிகாரக் கடைக்காரர், ஈரோடு: அவர்களுக்கு நேற்று, இன்று, நாளை உண்டா?

சொற்கள் உண்டு. வினையில் காலம் கிடையாது. ‘பார்த்தான்’, ‘பார்க்கிறான்’, ‘பார்ப்பான்’ எல்லாமே ‘லெக்’. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அதற்குப் பதிலாக, செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதைக் காட்ட ஒட்டுகள் இருக்கின்றன. முடிந்தது என்றால், வெறுமனே முடிந்ததா அல்லது நினைத்துச் செய்து முடித்ததா என்று இரண்டாகப் பிரியும். நடந்துகொண்டிருக்கிறது என்றால், எல்லை தெரியாமல் தொடர்கிறதா (‘தஹ்’), ஒரு முடிவை நோக்கிப் போகிறதா (‘லி’) என்று இரண்டாகப் பிரியும். ‘எப்போது?’ என்பதை விட ‘முடித்தாயா?’ என்பது போர்வீரனுக்கு முக்கியம் அல்லவா?

நாடகக் கலைஞர், புதுச்சேரி: ஷேக்ஸ்பியரையே க்ளிங்கானில் மொழிபெயர்த்துவிட்டார்களாமே?

1991-ல் வந்த ஆறாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் ஒரு விருந்துக் காட்சி. ஷேக்ஸ்பியரை மூலமான க்ளிங்கானில் படித்தால்தான் சுவைக்க முடியும் என்கிறார் க்ளிங்கான்களின் தலைவர். அதையடுத்து ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தன்னுரையின் முதல் வரியை க்ளிங்கானில் சொல்ல வேண்டும். ஓக்ராண்டுக்குச் சிக்கல் வந்தது. அந்த வரியே ‘இரு’ என்ற வினையின் மேல் நிற்கிறது. க்ளிங்கானில் அந்த வினையே கிடையாது! ‘நான் மாணவன்’ என்று நாம் நடுவில் எதுவும் போடாமல் சொல்வது போலத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

முதலில் ‘வாழ்’ என்ற பொருள் தரும் ‘யின்’ என்ற வினையை வைத்தார். அந்த வரியைப் பேச வேண்டிய நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அது பிடிக்கவில்லை, ஒலியில் வலு போதாது என்றார். ஓக்ராண்ட் யோசித்தார். சற்று முன் சொன்னேனே ‘தஹ்’ என்ற ஒட்டு, எல்லை தெரியாமல் தொடர்வதற்கு. அதைப் பெயர்த்தெடுத்துத் தனி வினையாக்கிவிட்டார். தொடர், தாக்குப்பிடி என்று பொருள். ஹாம்லெட்டின் கேள்வி இப்போது ‘தாக்குப்பிடிப்பதா, விட்டுவிடுவதா’ என்று ஆகிறது. ஒரு க்ளிங்கான் கேட்கக்கூடிய கேள்வி அதுதான். நடிகரின் காதும் மொழியியலாளரின் மூளையும் சேர்ந்து பிறந்த சொல்.

பிறகு ஆர்வலர்கள் முழு நாடகத்தையும் மொழிபெயர்த்து 1996-ல் அச்சிட்டார்கள். 2010-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் முழுக்க முழுக்க க்ளிங்கானில் ஓர் ஆப்பெரா அரங்கேறியது. அதன் பெயர் ‘உ’. பிரபஞ்சம் என்று பொருள்.

மாஸ்டர், காரைக்குடி: இட்லியை விடத் தோசை பெரிது என்பதை க்ளிங்கானில் எப்படிச் சொல்வது?

‘தோசை தின் லவ், இட்லி தின் புஸ்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால்: தோசை பெரிது அதிகம், இட்லி பெரிது கொஞ்சம். ‘விட’ கிடையாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருவருக்கு அதிகம் மற்றவருக்குக் கொஞ்சம் என்று தீர்ப்பெழுதுவதுதான் ஒப்பீடு.

புதிர்ப் போட்டி ரசிகர், நாகர்கோவில்: ஓக்ராண்ட் இவ்வளவு சொற்களை எங்கிருந்து பிடித்தார்?

பெரும்பாலும் ஒலியைக் கோத்துப் பார்த்துத்தான். நடுநடுவே புதிர்களை ஒளித்து வைத்திருக்கிறார். மீனுக்கு ‘கோத்தி’ என்று பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேலி செய்யும் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. ஜி, ஹெச், ஓ, டி, ஐ என்று ஐந்து எழுத்தை எழுதி, ‘இனஃப்’பில் வரும் ஃப், ‘விமென்’னில் வரும் இ, ‘நேஷன்’னில் வரும் ஷ் என்று வாசித்தால் ‘ஃபிஷ்’ வந்துவிடும்! அந்த ஐந்து எழுத்தையே க்ளிங்கான் முறையில் உச்சரிக்கவைத்து மீனாக்கிவிட்டார். ஜோடிக்குச் சொல் ‘சாங்எங்’. 1811-ல் சயாமில் ஒட்டிப் பிறந்த சகோதரர்கள் சாங், எங் இருவரின் பெயர்.

தாய், மூன்று வயதுக் குழந்தையோடு, வேலூர்: புதுச்சொல் வேண்டுமென்றால் யார் முடிவு செய்வது?

ஓக்ராண்ட் மட்டும். பேசுபவர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. க்ளிங்கான் மொழிக் கழகம் 1992-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் ஆண்டுக் கூட்டத்துக்குத் தேவையான சொற்களின் பட்டியல் போகும். அவர் ‘மால்ட்ஸைக் கேட்டேன்’ என்று சொல்லிப் பதில் தருவார். மால்ட்ஸ் என்பவன் மூன்றாவது படத்தில் சிறைபிடிக்கப்பட்ட க்ளிங்கான். அவனிடம் கேட்டுத்தான் மொழியை எழுதினேன் என்பது அவர் கட்டிய கதை.

உங்கள் குழந்தைக்கு ஏற்ற செய்தி ஒன்று. 1990-களில் ஒரு மொழியியலாளர் தன் மகனிடம் முதல் மூன்று ஆண்டுகள் க்ளிங்கானில் மட்டுமே பேசினார். தாய் ஆங்கிலத்தில் பேசினார். வீட்டில் புழங்கும் சாமான்கள் பலவற்றுக்குச் சொல் இல்லை என்பது பெரிய இடைஞ்சலாக இருந்தது. கடைசியில் பிள்ளை ஆங்கிலத்தையே எடுத்துக்கொண்டான். ஊரில் யாருமே பேசாத மொழியைக் குழந்தை ஏன் பேசும்?

வழக்கறிஞர், சென்னை: ஒரு மொழிக்கு உரிமையாளர் இருக்க முடியுமா?

அமெரிக்க நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தது, தீர்ப்பு வரவில்லை. ரசிகர்கள் பணம் திரட்டி ‘ஸ்டார் ட்ரெக்’ படம் ஒன்றைத் தயாரிக்க முயன்றபோது பாரமவுண்ட் நிறுவனமும் சிபிஎஸ்ஸும் 2015 இறுதியில் வழக்குப் போட்டன. தங்கள் சொத்துப் பட்டியலில் க்ளிங்கான் மொழியையும் சேர்த்தன. 2016-ல் மொழி உருவாக்கச் சங்கம் என்ற அமைப்பு நடுவில் புகுந்து, மொழி யாருக்கும் சொத்தாக முடியாது என்று மனுக் கொடுத்தது. மனுவில் இடையிடையே க்ளிங்கான் வாசகங்கள்! 2017 ஜனவரியில் வழக்கு சமரசமானது, மொழி பற்றிய கேள்வி அப்படியே நின்றுவிட்டது. என் கருத்து தெளிவானது. அகராதிப் புத்தகத்துக்கு உரிமை இருக்கலாம். அதைப் படித்துவிட்டு நான் பேசும் வாக்கியத்துக்கு இன்னொருவர் உரிமை கொண்டாட முடியாது.

பள்ளி மாணவி, திண்டுக்கல்: ‘அவதார்’ படத்து நாவி மொழி க்ளிங்கானை விட எளிதா?

காதுக்கு இனிது, இலக்கணத்தில் சளைத்தது இல்லை. அதை உருவாக்கியவர் பால் ஃப்ரோமர், அப்போது தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ஜேம்ஸ் கேமரூன் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த சுமார் முப்பது சொற்களைக் கையில் கொடுத்தார். அவற்றின் ஒலியைப் பிடித்துக்கொண்டு 2005-லிருந்து மொழியைக் கட்டினார். படம் 2009-ல் வந்தது.

நமக்கு நெருக்கமான விஷயங்கள் இதில் நிறைய. வேற்றுமை உருபுகள் இருப்பதால் சொற்களை எந்த வரிசையிலும் போடலாம். ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கப் பாடம் நடத்த வேண்டும், உனக்கு வேண்டாம். ஆனால் நாவியில் ஒருமை, பன்மை மட்டும் போதாது. இருவருக்குத் தனி வடிவம், மூவருக்குத் தனி வடிவம், அதற்கு மேல்தான் பன்மை.

மிகவும் ரசிக்க வேண்டியது வினை. நாம் வினையின் வாலில் ஒட்டுவோம், க்ளிங்கான் தலையிலும் வாலிலும் ஒட்டும், நாவி வயிற்றைக் கீறி உள்ளே வைக்கும். ‘தரோன்’ என்றால் வேட்டையாடு. நடுவில் ‘அம்’ வைத்தால் ‘தமரோன்’, இறந்தகாலம். ‘அய்’ வைத்தால் ‘தயரோன்’, எதிர்காலம். சற்றுமுன் நடந்ததற்கும் இதோ நடக்கப்போவதற்கும் தனித்தனிச் செருகல்கள். இவை போதாதென்று மனநிலைக்கும் இரண்டு. ஒன்றை வைத்தால் ‘வேட்டை நடக்கிறது, எனக்குச் சந்தோஷம்’. மற்றொன்றை வைத்தால் ‘வேட்டை நடக்கிறது, எனக்கு வருத்தம்’. பேசுபவரின் மனம் வினைச்சொல்லுக்கு உள்ளேயே கிடக்கிறது.

அதே மாணவியின் தம்பி: நாவியில் பத்துக்கு என்ன?

‘வோமுன்’. எட்டும் இரண்டும் என்று பொருள். அவர்களுக்குக் கைக்கு நான்கு விரல், அதனால் எட்டெட்டாக எண்ணுகிறார்கள்.

உளவியல் மாணவி, திருநெல்வேலி: ‘அரைவல்’ படத்தில் வேற்றுக்கிரக மொழியைக் கற்றதும் நாயகிக்கு எதிர்காலம் தெரிகிறது. மொழி மூளையை அந்த அளவுக்கு மாற்றுமா?

அந்த அளவுக்கு மாற்றாது. மொழி சிந்தனையைச் சிறையில் வைக்கிறது என்ற கருத்தின் கடுமையான வடிவத்தை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை. கவனத்தை லேசாகத் திருப்புகிறது என்பதற்குத்தான் சான்று உண்டு. ஆனால் டெட் சியாங் 1998-ல் எழுதிய மூலக்கதையின் இலக்கணக் கற்பனை அபாரம். அந்த உயிர்களின் எழுத்து பேச்சைப் பதிவு செய்வதே இல்லை, அது தனி மொழி. அதில் முதல் கோட்டை இழுக்கும்போதே முழு வாக்கியமும் எப்படி முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். 2016-ல் வந்த படத்தில் அந்த எழுத்தின் மைவட்டங்களை வரைந்தவர் மார்ட்டீன் பெர்ட்ராண்ட். ஆலோசனை சொன்ன ஜெசிகா கூன், மாயன் மொழிகளை நேரில் போய் ஆராய்பவர். வட்டத்தைப் பார்த்துச் சொல் சொல்லாகப் பிரித்தெடுக்கும் அந்தக் காட்சிகள் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் புரிகிறதா?

ரசிகர், தூத்துக்குடி: ‘பாகுபலி’ காலகேயர் பேசுவது?

கிளிக்கி. மதன் கார்க்கி உருவாக்கியது. வேற்றுக்கிரகம் இல்லை, வேற்று நாடு. 2015-ல் வந்த படத்துக்காகச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் அமைத்தார். ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் குழந்தைகளுக்காக விளையாட்டாகச் செய்த ஒரு சிறு மொழிதான் அதற்கு விதை. ‘மின்’ என்றால் நான், திருப்பிப் போட்டு ‘நிம்’ என்றால் நீ. எதிரெதிர்ப் பொருளுக்கு ஒலியையும் எதிரெதிராக வைக்கும் உத்தி. கேட்டவுடன் பிடிபடுவதே அதன் பலம்.

சமூக ஆர்வலர், ஊட்டி: உலகில் எத்தனையோ மொழிகள் அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இல்லாதவர்களுக்கு மொழி செய்வது வீண் வேலை இல்லையா?

உங்கள் கோபம் நியாயமானது. அதனால் ஓக்ராண்ட் க்ளிங்கானுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் முட்சுன் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அசென்சியோன் சொலோர்சானோ என்ற மூதாட்டி. 1930-ல் இறந்துபோனார். அவருடைய கடைசி நாட்களில் ஜான் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் கூடவே இருந்து, அவர் சொன்ன சொற்களையும் வாக்கியங்களையும் கட்டுக்கட்டாக எழுதிவைத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஓக்ராண்ட் அந்தக் குறிப்புகளை எடுத்து, முட்சுன் மொழிக்கு முழு இலக்கணம் எழுதினார். 1977-ல் அதற்குத்தான் முனைவர் பட்டம். பேச ஒருவரும் மிஞ்சாத மொழியின் பன்மை எது, உருபு எது, வினையில் எது எதற்குப் பின்னால் வரும் என்று காகிதத்திலிருந்து மீட்டெடுத்தவர், ஏழு ஆண்டு கழித்து யாருமே பேசியிராத மொழிக்கு அதே வேலையைச் செய்தார். க்ளிங்கானின் எலும்பு இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பயிற்சிதான் என்று நான் நம்புகிறேன்.

முட்சுன் மக்களின் வாரிசுகள் பிற்காலத்தில் தங்கள் மொழியை மீண்டும் கற்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஓக்ராண்டின் இலக்கணம் கைகொடுத்தது. 2016-ல் முட்சுன் அகராதி வெளிவந்தது. ஒரே மனிதர், இரண்டு இலக்கணங்கள். ஒன்றுக்காக இன்னொன்று கைவிடப்படவில்லை.

அச்சகத் தொழிலாளி, சிவகாசி: க்ளிங்கானுக்குச் சொந்த எழுத்து உண்டா?

உண்டு, ‘பிகட்’ என்று பெயர். கத்திமுனைகளைச் சேர்த்துவைத்தது போல இருக்கும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். 2001-ல் நிராகரித்துவிட்டார்கள். பேசுபவர்களில் பெரும்பாலோர் ரோமன் எழுத்திலேயே எழுதுகிறார்கள் என்பது முக்கியக் காரணம்.

ஆட்டோ ஓட்டுநர், தஞ்சாவூர்: கடைசியாக, நல்ல திட்டு ஒன்று சொல்லிக்கொடுங்கள்.

திட்டுவது க்ளிங்கான்களுக்கு ஒரு கலை. அதற்கென்று போட்டியே உண்டு. ‘உன் அம்மாவின் நெற்றி வழுவழு’ என்பது பெரிய வசவு. க்ளிங்கான்களின் நெற்றி மேடுபள்ளமாக இருக்கும், அதுதான் அவர்களுக்கு அழகு.

ஆனால் கெட்ட வார்த்தையே இல்லாமல் திட்டவும் வழி இருக்கிறது. ‘என்னுடைய’ என்பதற்கு இரண்டு ஒட்டுகள். பேசத் தெரிந்தவர்களுக்கு ‘வி’, மற்றவற்றுக்கு ‘விஜ்’. அதிகாரிக்கு ‘யாஸ்’ என்று பெயர். ‘யாஸ்வி’ என்றால் ‘என் அதிகாரி’. ‘யாஸ்விஜ்’ என்றாலும் ‘என் அதிகாரி’தான். ஆனால் அவரைப் பேச்சில்லாத பொருள்களோடு சேர்த்தாகிவிட்டது. ‘அவர் வந்தாரா?’ என்பதற்குப் பதிலாக ‘அது வந்துச்சா?’ என்று நாம் ஒருவரைக் கேட்பது போல. அகராதியில் எந்தச் சொல்லைத் தேடினாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, கேட்டவருக்கு மட்டும் சுருக்கென்று இருக்கும்.